எண்ணெய் குடித்த சீமை விளக்கு

அக்கா,

நேற்றுக் காலை எங்கள் கட்டடத்தில் ஹீட்டர் போட்டுவிட்டார்கள். குழாய்க்குள் தண்ணீர் கடகடவென்று ஏறுகிற சத்தம் முதலில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசம். பல் தீட்டிக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, வேலைக்குப் போற நேரத்தில ஆர் தலைக்கு எண்ணெய் வைச்சது?" என்று கேட்டாள். யாரும் வைக்கவில்லை. ஜன்னல் கட்டையில் நிற்கிற உங்கள் சீமை விளக்குத்தான் வியர்க்கத் தொடங்கியிருந்தது.

கடுங்கோடையிலும் அது கொஞ்சம் கசியும். ஆனால் ஹீட்டர் போடுகிற முதல் நாள் அதற்கு என்ன வருமோ தெரியாது, உடம்பெல்லாம் ஈரமாகிவிடும். அடியில் நான் வைத்திருக்கிற தகரத் தட்டில் எண்ணெய் வட்டமாக இறங்கியிருந்தது. அதில் கடைசியாக நீங்கள் திரி போட்டபோது என் மகள் பிறக்கவே இல்லை. இப்போது அவள் வேலைக்குப் போகிறாள், இது இன்னும் எண்ணெய் கக்குகிறது. விரலால் தொட்டு முகர்ந்தேன். பழைய கொப்பரையின் காறல். உங்கள் தலைமுடி வாசம். அடுப்படியில் போய் நின்று அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

இன்று ஒரு இடத்துக்குப் போய்வந்தேன். அதைச் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே அதைச் சொன்னால் நீங்கள், "தலையும் இல்லாம வாலும் இல்லாம என்ன கதை புள்ள இது" என்பீர்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களுக்குத் திரும்பச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொன்றியலுக்கு அகதியாக வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த விடுதியில் உங்கள் கட்டிலும் என் கட்டிலும் பக்கத்துப் பக்கம். எண்பதுகளின் நடுப்பகுதி. நீங்கள் மட்டக்களப்பு, நான் மன்னார். நீங்கள் விடிய எழும்பித் திருநீறு பூசுவீர்கள், நான் செபமாலை உருட்டுவேன். பிறகு என்பதற்கு நான் "பேந்து" என்றால் நீங்கள் "மறுகா" என்பீர்கள். என் சொதியை நீங்கள் குறை சொல்ல, உங்கள் மீன் குழம்பை நான் குறை சொல்ல, அப்படியே ஒட்டிக்கொண்டோம். என்னைவிட ஒரு பத்து வயது மூத்தவர் நீங்கள். உங்கள் கணவர் உங்களை முதலில் அனுப்பிவிட்டு, ஏஜென்சிக்காரனுக்கு மிச்சத்தைக் கட்டிப் பிறகு வருவதாகச் சொல்லி ஊரில் நின்றிருந்தார்.

பிறகு எனக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. உங்களுக்குக் கிடைத்தது புவாண்ட்-கிளேரில், ஏரிக்கரைப் பக்கம், தனியாக இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவியோடு தங்கியிருந்து பார்க்கிற வேலை. ஊரில் துரைசானிகளைச் சொல்வது போல நீங்கள் அவரை முதல் நாளிலிருந்தே நோனா என்றீர்கள். எண்பது வயது, இடுப்பு முறிந்து ஒட்டவைத்த உடம்பு, ஆனால் வாய் மட்டும் நல்ல சுகம். குளிக்கவார்க்க, சமைக்க, மருந்து கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் ஆறேழு பேர் ஒரு வீட்டில் நெருக்கிக்கொண்டு கிடந்தபோது உங்களுக்குத் தனி அறை, தனிக் கட்டில். எல்லோருக்கும் பொறாமை. அந்த அறை உங்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று யார் கண்டது?

வேலைக்குப் போய்ச் சில மாதங்களில் அந்த அழைப்பு வந்தது. ஐப்பசி மாதம், தீபாவளிக்குக் கிட்ட. கொழும்பில் ஒரு போன் கடையிலிருந்து உங்கள் கணவர் பேசினார். நோனாவின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கிய போனில், மாவு ஒட்டிய கையோடு நீங்கள் பேசினீர்கள். காசு முடிகிற சத்தம் வந்ததும் அவர் அவசரமாகச் சொன்னதை நீங்கள் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறீர்கள். "நம்பர எழுதி வெச்சிரிந்தா வழியில சோதிக்கிறப்போ கரச்சல். நான் பாடமாக்கிட்டன். நீ அந்த இடத்த விட்டு அசையாத. நாட்ட விட்டு வெளிக்கிட்டதும் போன் அடிப்பன்." அவ்வளவுதான். ஊருக்குப் போய்ச் சாமான்களை எடுத்து வருவதற்காக அவர் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

ஊரில் அந்த இலக்கம் அவர் ஒருவருடைய தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அதை மாற்றி அவருக்கு வேறு இலக்கம் சொல்ல வழியில்லை. சண்டையால் ஊருக்குக் கடிதம் போகவில்லை, அங்கே போனும் இல்லை. அகதி வழக்கு முடியாமல் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. போய்த் தேடவும் ஏலாது, அங்கிருந்து வேறு வீட்டுக்கு மாறவும் ஏலாது. நோனாவுக்கோ காது மந்தம்; குசினியில் அடிக்கிற போன் மணி முன்னறையில் இருக்கிற அவருக்குக் கேட்காது. ஆகவே நீங்கள் அந்தக் குசினியிலேயே கிடந்தீர்கள். சந்திரனுக்குப் போனவன்கூட அப்படி அடைபட்டுக் கிடந்திருக்க மாட்டான் என்று நான் உங்களைச் சீண்டியிருக்கிறேன். ஜன்னலால் பார்த்தால் ஏரி தெரியும். அந்தக் கரைக்கு ஒருநாள்கூட நீங்கள் நடந்து போனதில்லை. குப்பை வைக்கப் போகும்போதும் கதவைத் திறந்துவைத்துவிட்டுத்தான் போவீர்கள்; உள்ளே குளிர் அடிக்கிறது என்று நோனா கத்துவார்.

ஒரு கோடையில் நான் உங்களை வெளியே இழுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஜான்-டலோன் சந்தையில் நல்ல கத்தரிக்காய் வந்திருக்கிறது, ஒரு மணித்தியாலம் போய்வருவோம் என்று. நோனாவின் பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்து பார்ப்பதாகச் சொன்னாள். புதுச் சேலை கட்டி, பூப்போட்ட பையை மாட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். பஸ் தரிப்பிடத்தில் நின்றால் நோனாவின் வீட்டுக் குசினி ஜன்னல் தெரியும். பஸ் வந்து கதவைத் திறந்தது. நான் ஏறிவிட்டேன். நீங்கள் ஏறவில்லை.

"நாம போன நேரம் பாத்து அடிச்சா?" என்றீர்கள்.

"அந்தப் பெண் எடுப்பாள் அக்கா."

"அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆள் இல்ல எண்டு வெச்சிருவாள்."

டிரைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நீங்கள் அவனுக்கு 'மெர்சி' சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தீர்கள். எனக்கு வந்த கோபத்தில் நான் மட்டும் சந்தைக்குப் போய், வீம்புக்கு இரண்டு பை கத்தரிக்காய் வாங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து உங்கள் குசினி மேசையில் போட்டேன். நீங்கள் அதைப் பொரித்துக் குழம்பு வைத்து எனக்கே தந்துவிட்டீர்கள்.

அந்த மாரிக் குளிரில்தான் செய்தி வந்தது. உங்கள் கணவரின் தம்பி, பார்க் எக்ஸ்டென்ஷனில் உணவகக் குசினி ஒன்றில் வேலை செய்தவர், பனியில் பஸ் பிடித்து வந்தார். அவர் போன பஸ்ஸை வழியில் மறித்து ஆண்களை இறக்கினார்களாம், இறக்கியவர்களில் ஒருவரும் வீடு திரும்பவில்லையாம் என்று ஊரிலிருந்து வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமியார் அழுதழுது கிடக்கிறாராம். தம்பி நல்ல மனுஷன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டுதான் பேசினார்.

"அண்ணி, முப்பத்தொண்டுக் காரியத்துக்கும் நாள் எப்பவோ போயிட்டு. ஆத்துமாவ அந்தரத்துல விட ஏலா. தலமாட்டுல வெக்கிற மாதிரி ஒத்தத் திரியில ஒரு விளக்க ஏத்துங்க. ஐயர நான் கூட்டி வாறன். மத்தக் காரியமெல்லாம் முறையாச் செய்வம்."

நீங்கள் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். "அவரு செத்ததக் கண்ட ஆரும் இரிக்காங்களா?" என்று கேட்டீர்கள்.

"கண்ட ஆள் இல்ல அண்ணி. ஆனா..."

"அப்ப விளக்க நான் ஏத்துறன். எத்தின திரி எண்டு நான் பாத்துக்குறன். கோப்பியக் குடிங்க."

செத்த வீட்டு விளக்குக்கு ஒற்றைத் திரி, நல்ல நாளுக்கு ஐந்து முகம். அது எனக்கும் தெரிந்ததுதான். எங்கள் தெருவில் பாதி வீடு சைவ வீடு. நீங்கள் ஐந்து முகம் ஏற்ற முடிவெடுத்துவிட்டீர்கள் என்று அப்போதே விளங்கியது. ஆனால் நோனாவின் வீட்டில் குத்துவிளக்குக்கு எங்கே போவது?

அந்த வீட்டின் முன்னறைச் சுவர்த் தட்டில் நோனாவின் அம்மா இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பழைய மண் பாத்திரங்கள் இருந்தன. அதில் ஒன்றுதான் இது. பார்க்கிறவர்கள் இதை விளக்கு என்று நினைப்பதில்லை. சோற்றுத் தட்டளவு ஒரு மண் தட்டு. நடுவில் குட்டைத் தண்டு, அதன் தலையில் மெழுகுதிரி செருக ஒரு வாய். விளிம்பைச் சுற்றி இன்னும் நாலு வாய், தூக்குவதற்கு இரண்டு கைபிடி. கருங்காவி நிறத்தில் வெண்மஞ்சளாக அலைக்கோடும் புள்ளியும் ஓடும், மேலே தேன் பூசியது மாதிரி ஒரு மினுக்கம். வெள்ளைக் களிமண்ணை அப்பத்துக்கு மா கரைப்பது போலக் கரைத்து, இறகுக் காம்பு செருகிய சின்னக் குடுவையால் ஊற்றி ஊற்றி அந்தக் கோடுகளைப் போடுவார்களாம். பெரிய வீட்டுச் சாமான் இல்லை, குசினி வெளிச்சத்துக்குச் செய்தது என்று நோனா சொல்வார். அவருக்கு அது அம்மாவின் சாமான். மற்றவர்களுக்குப் பேனா செருகி வைக்கிற சட்டி. உங்களுக்கு அது ஐந்து முகம்.

நோனா மத்தியான உறக்கத்தில் இருந்த நேரம் பேனாக்களை எடுத்து வைத்தீர்கள். தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்ப் போத்தல் குளிரில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஹீட்டரின் மேல் வைத்து உருக்கினீர்கள். மருந்துப் பெட்டிப் பஞ்சைத் திரித்துத் திரி. ஐந்து வாய்க்கும் எண்ணெய் விட்டு ஐந்தையும் ஏற்றி, போனுக்கு நேரே, சாப்பாட்டு மேசையில் வைத்தீர்கள்.

புது அகலைத் தண்ணீரில் ஊறப்போடாமல் எண்ணெய் விட்டால் மண் அவ்வளவையும் குடித்துவிடும் என்பது நம்முடைய ஊரில் யாருக்குத் தெரியாது? உங்களுக்கும் தெரியும். "மேல கண்ணாடி மாதிரி மினுங்கினது புள்ள. இது குடிக்காது எண்டு நெனச்சன்" என்று பிறகு சொன்னீர்கள். ஆனால் அந்த மினுக்கம் மேலே மட்டும்தான். அடியில் பூச்சில்லாத வெறும் மண். வாய்களின் உள்ளே பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. எண்ணெய் இறங்கி, தட்டெல்லாம் ஊறி, அடியால் கசிந்து மேசையில் கறுப்பு வட்டம் போட்டது. வெண்மஞ்சள் கோடுகள் பழுப்பேறின. ஐந்து வாயிலும் கரி. ஒரு வாயில் சூட்டுக்குக் கீறல் விழுந்தது. எத்தனை தரம் துடைத்தாலும் அடுத்த நாள் திரும்பவும் ஈரம்.

அந்த ஞாயிறு நான் மாதா கோயில் பூசை முடிந்து வந்தபோது நோனாவின் மகன் வந்திருந்தான். நகரத்தில் ஏதோ பெரிய அலுவலகத்தில் வேலை. பழைய சாமான்களுக்கு விலை சொல்கிற ஒருவரிடம் இதைக் காட்டி வேறு வைத்திருந்தானாம். மேசையைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், பிறகு உங்களைப் பார்த்தான். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மரவீட்டில் நெருப்பு வைக்கிற ஆளை இனி வைத்திருக்க முடியாது, மாத முடிவோடு போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான். வேறு நல்ல இடம் தான் பார்த்துத் தருவதாகவும் சொன்னான்.

நீங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. சுவரோடு போய் நின்று, போன் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "டெலிபோன், சேர். டெலிபோன்" என்று மட்டும் சொன்னீர்கள். அவனுக்கு என்ன விளங்கும்? போனை உடைத்துவிட்டீர்களோ என்று எட்டிப் பார்த்தான். நான் என் அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கி, பாதியில் ஆங்கிலம் தீர்ந்து தமிழுக்குப் போய்விட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு உதவாதவளாக நான் நின்றதில்லை.

அப்போதுதான் நாற்காலியில் போர்வைக்குள் கிடந்த நோனா வாயைத் திறந்தார். இவளை அனுப்பினால் நாளைக் காலை எனக்குக் குளிக்கவார்க்க நீ வருவாயா என்று மகனைக் கேட்டார். அவன் முகம் சிவந்தது. நோனா விடவில்லை. என் அம்மாவுக்குப் பிறகு நீங்கள் எல்லோரும் அந்த விளக்கில் பேனாதானே செருகினீர்கள், இவள் ஒருத்திதான் அதைக் கொளுத்தினாள் என்றார். பிறகு உங்களைப் பார்த்து, அடுத்த முறை கீழே தகரத் தட்டு வை, நான் கண் விழித்திருக்கும்போது கொளுத்து, எனக்கும் பார்க்க வேண்டும் என்றார். மகன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீங்கள் ஒன்றுமே நடக்காதது போல நோனாவின் மருந்தை எடுத்து வந்தீர்கள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பொழுதுபடுகிற நேரம் ஐந்து திரி. கேக் சுடுகிற தகரத் தட்டின் மேல் விளக்கு, அதற்கு அந்தப் பக்கம் போர்வைக்குள் நோனா, இந்தப் பக்கம் நீங்கள், சுவரில் போன். நோனாவுக்கு உங்கள் கதை எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் திரி எரிந்து முடியும்வரை தொலைக்காட்சி போட விட மாட்டார். கெட்டிக்காரக் கிழவி. ஒருநாள் நான் போயிருந்தபோது என்னிடம், உன் சினேகிதி என்னைப் பார்த்துக்கொள்ளவில்லை, அந்தப் போனைத்தான் பார்த்துக்கொள்கிறாள், எனக்கு மிச்சமாகக் கிடைப்பது அவளுடைய சூப் மட்டும் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

போன் அடிக்கவில்லை. அடித்தபோதெல்லாம் மருந்துக்கடை, மகன், கம்பளம் கழுவுகிறவர்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் ஓடுகிற ஓட்டத்தை என்னால் பார்க்க முடிவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நமக்கு அகதி வழக்கு முடிந்தது, பேப்பர் கிடைத்தது. நான் கல்யாணம் முடித்தேன். எல்லோரும் தொழிற்சாலை மாறினோம், வீடு மாறினோம், சிலர் லொங்குய்ய் பக்கம் வீடுகூட வாங்கினார்கள். நீங்கள் மட்டும் அதே குசினியில். "அக்கா, உங்களை ஆர் கட்டிவைச்சிருக்கினம்?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். "அசையாத எண்டு சொன்னாரே புள்ள" என்றீர்கள்.

நோனா ஒரு வசந்த காலத்தில் உறக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வீட்டை விற்க வேண்டும். அந்த இலக்கத்தை பார்க் எக்ஸ்டென்ஷனுக்குக் கொண்டுபோக அந்தக் காலத்தில் வழியில்லையாம். நீங்கள் சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துவிட்டீர்கள். கடைசியில் உங்களை அனுப்பப் பார்த்த அதே மகன்தான், போன் கம்பனிக்காரரோடு மல்லுக்கட்டி, வீட்டை வாங்கியவர்கள் பேரில் அந்த இலக்கத்தை அப்படியே மாற்றிக் கொடுத்தான். விளக்கையும் ஒரு பெட்டியில் போட்டுத் தந்தான். எண்ணெய் கசிகிற சாமானை இனி யாருக்கும் காட்ட முடியாது, நீயே வைத்துக்கொள் என்றான். அவன் முகத்தில் கோபம் இருக்கவில்லை.

வாங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மதாம் வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெரி தொடங்கினார். எப்போதும் வீட்டில் ஆள். அது உங்களுக்குப் பெரிய ஆறுதல். தமிழில் யாரும் பேசினால் வைத்துவிட வேண்டாம், இந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று ஒரு துண்டில் உங்கள் புது இலக்கத்தை எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தீர்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும், அவர் பேசிய அந்த ஐப்பசியில், பிஸ்கட் தகரப் பேணி நிறைய அச்சில் வார்க்கிற கொக்கிஸும் பயற்றம் பணியாரமும் சுட்டு அடுக்கி, மெட்ரோ பிடித்து, பஸ் பிடித்து அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். போன் வந்ததா என்று கேட்க மாட்டீர்கள். பேணியைக் கொடுத்து, பிள்ளைகளைக் கொஞ்சி, வெறும் பேணியோடு வருவீர்கள். பின்னாளில் இலக்கத்தை எங்கேயும் கொண்டுபோகலாம் என்று வந்தபோது மதாமே தந்துவிடுகிறேன் என்றார். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். "நான் வேலைக்குப் போயிருவன். அங்க எப்பவும் ஆள் இரிக்கும்" என்றீர்கள். வைத்தியசாலைத் துணி மடிக்கிற வேலையை விட்ட பிறகும் அதையே சொன்னீர்கள்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் என் மாடிக்கு மேல் மாடியில் இருந்த அத்தனை வருஷமும் இந்த விளக்கில் நீங்கள் திரி போடவில்லை. சின்னப் பித்தளை விளக்கு ஒன்று வாங்கி வைத்திருந்தீர்கள். இது ஏன் சும்மா நிற்கிறது என்று கேட்டால், "அது அந்த வீட்டு விளக்கு" என்பீர்கள்.

உங்களைக் கொண்டுபோன அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். இந்தச் சித்திரையில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். சவச்சாலையில் உடுத்துவதற்கு என்ன சேலை என்று கேட்டார்கள். என் கையில் இரண்டு இருந்தது, ஒரு வெள்ளைச் சேலை, உங்கள் பெட்டியின் அடியில் கிடந்த கல்யாணக் கூறை. எது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் வேதக்காரி, உறவும் இல்லை. உங்கள் கணவரின் தம்பி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கிழவனாகிவிட்டார், அக்கா. இரண்டு சேலையையும் பார்த்தார். கூறையின் மேல் கையை வைத்தார். சட்டைப் பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பொட்டு வைங்க தங்கச்சி. அண்ணன் வந்து, ஏன்டா வெறும் நெத்தியோட அனுப்பினீங்க எண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

நான் வைத்தேன். நன்றாகப் பெரிதாகவே வைத்தேன். அங்கே நெருப்புக் கொளுத்த விட மாட்டார்கள். நான் கொண்டுபோயிருந்த இந்த விளக்கைத் தலைமாட்டில் வைத்து, நடு வாயில் அவர் ஒரேயொரு திரியைப் போட்டார், கொளுத்தாமல். "இது அண்ணிக்கு மட்டும்" என்றார். அங்கே நின்றவர்களுக்கு அது விளங்கியிருக்காது.

இனி இன்றைக்கு வருகிறேன். நேற்று அந்த எண்ணெய் வாசம் வந்த பிறகுதான் தீபாவளி கிட்ட வந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது. உங்கள் பிஸ்கட் பேணி என் அலுமாரிக்கு மேலே வெறுமையாகக் கிடந்தது. வேலையால் வந்து கொக்கிஸ் சுட்டேன். எனக்கு வாய்க்குமா? பாதி அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. உடையாததாகப் பார்த்துப் பேணியில் அடுக்கினேன். மகள், "பைத்தியமாம்மா உங்களுக்கு?" என்றாள். சும்மா அக்கா போன சேதியைச் சொல்லிவிட்டு வரத்தான் போறன், இந்த வருஷத்தோடு சரி என்றேன். மெய்யாகவே அப்படி நினைத்துத்தான் போனேன்.

மதாம் கதவைத் திறந்து, "போன்ஜூர்" என்று சொல்லிக்கொண்டே என் பின்னால் உங்களைத் தேடினார். பேணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லுமுன்னமே விளங்கிக்கொண்டார். குசினிக்குக் கூட்டிப்போய் இருத்தினார். கார்டெரி மூடி எவ்வளவோ காலம். கணவர் ஏரிப் பக்கம் நடக்கப் போயிருந்தார். அந்தப் போன் அதே சுவரில் இருக்கிறது, அக்கா. உங்கள் கையெழுத்துத் துண்டு மஞ்சளாகிப்போய் பக்கத்தில் ஒட்டியபடி இருக்கிறது.

கோப்பி ஊற்றித் தந்துவிட்டு மதாம் தயங்கித் தயங்கிக் கேட்டார். இப்போது எனக்கும் கணவருக்கும் கைபோன் இருக்கிறது, பிள்ளைகளும் அதற்குத்தான் எடுப்பார்கள். இந்த லைனை அந்த அம்மாவுக்காகத்தான் இவ்வளவு காலமும் வெட்டாமல் வைத்திருந்தோம். அவர்தான் போய்விட்டாரே. இனி வெட்டிவிடட்டுமா?

வெட்டுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அக்கா. எத்தனை வருஷம் உங்களோடு இதற்காகச் சண்டை பிடித்தவள் நான். அந்தக் குசினி, அந்தச் சுவர், மாவுக் கையோடு நீங்கள் நின்ற இடம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அந்தக் கறுப்புப் போன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "வேண்டாம் மதாம், இருக்கட்டும். வருஷா வருஷம் நான் வாறன்" என்று என் உடைந்த பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். மதாம் பேனா எடுத்து, உங்கள் இலக்கத்தை வெட்டாமல், அதற்குக் கீழே என் இலக்கத்தை எழுதிக்கொண்டார். கொக்கிஸில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, நல்லாயிருக்கிறது என்று மரியாதைக்குச் சொன்னார்.

வெறும் பேணியோடு பஸ் தரிப்பிடத்துக்கு வந்து நின்றேன். அங்கிருந்து பார்த்தால் இப்போதும் அந்தக் குசினி ஜன்னல் தெரிகிறது. மனதுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டு நின்றேன். என்னையும் பிடித்து இதற்குள் போட்டுவிட்டீர்களே என்று. பஸ் வந்து கதவைத் திறந்தது. டிரைவர் என்னைப் பார்த்தான். நான் ஏறவில்லை, அக்கா. அவனுக்கு 'மெர்சி' சொல்லிவிட்டு, அந்த ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.